ஜன்னலோரத்துச் சைபர்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. "இருபத்திரண்டு வருட சேவையில் தாங்கள் புரிந்த சாதனைகள்" என்பது தலைப்பு. நாலு பக்கத்துக்கு மிகக் கூடாது. பர்மிய மொழியில் நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கருவிகள் வேலை செய்கின்றன, மேலதிகாரிகள் ஊக்கமளிக்கிறார்கள், நான் கடமையாற்றுகிறேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, யார் இந்த ஆள், நான் சந்தித்ததே இல்லையே என்று தோன்றியது.

புதியவர்களில் மூன்று பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இது உங்கள் மூன்று பேருக்கு. தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்றால் வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவும் கேட்டு வைப்பது நல்லதுதான். நாளைக்கு உங்களுக்கு வேலை போனால் ஏன் என்று விளக்க வேண்டியிருக்காது.

எண்பத்தெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருஷம் யாங்கோன் தெருக்களில் நடந்த கிளர்ச்சியைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஆய்வகத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பல வாரம் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். என் வீரத்தின் அளவு அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இனி வருவதை வாசிக்கும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

நம் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடித்தனங்கள். எஞ்சினுக்குள் இருப்பது போன்ற சூட்டில் மட்டும் இரண்டும் கூடிவிடும். பிறக்கிற பிள்ளை நைட்ரிக் ஆக்சைடு, நிறமில்லாதது. வெளியே வந்து காற்றோடு பழகியதும் நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிடும். நாம் தேடுகிற ஆள் அதுதான். வெயிலில் அகப்பட்டால் உடைந்து ஓசோன் உண்டாக வழி செய்யும். மழையில் அகப்பட்டால் அமிலமாகி இறங்கித் தகரக் கூரையைத் தின்னும். இரண்டிலும் அகப்படாவிட்டால் மனிதர்களின் மூச்சுக்குழலுக்குள் போய், அங்கே இருக்கும் ஈரத்தில் அதே அமில வேலையைப் பார்க்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இது முதலில் தெரியும். நம் கருவிகளுக்கு அப்புறம் தெரியும். அலுவலகத்துக்குக் கடைசியில் தெரியும், சில சமயம் அதுவும் கிடையாது.

இப்போது உங்களிடம் தானே கோடு போட்டுக் காட்டும் கருவி இருக்கிறதாம். எங்களிடம் இருந்தது கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பத்து மில்லி கரைசல், பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். அதன் வழியாகச் சிறிய பம்பு வைத்துக் காற்றை இழுத்தால், நம் ஆள் அந்தக் காற்றில் இருக்கும் அளவுக்குக் கரைசல் சிவக்கும். எவ்வளவு சிவந்தது என்று நிறமானி சொல்லும். ஆனால் கரைசல் சும்மா இருந்தாலே நாளாக நாளாக லேசாகச் சிவக்கக்கூடியது. அதனால் காற்றே இழுக்காத ஒரு குழாயைத் தனியாக வைத்துக்கொண்டு, அதன் சிவப்பை மற்றவற்றிலிருந்து கழித்துவிட வேண்டும். அந்தக் குழாயை நாங்கள் சைபர், அதாவது பூஜ்யம், என்போம். எல்லா அளவும் அதிலிருந்துதான் தொடங்கும். அது பொய் சொன்னால் எல்லாமே பொய்.

என்னைப் பழக்கிய மூத்தவர் சிக்கனக்காரர். ரப்பர் மூடிகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை, எண்ணி எடுத்தால் ஒரு கைப்பிடிதான் இருந்தன. அவற்றை வெளியே போகும் குழாய்களுக்கென்று ஒதுக்கிவிட்டார். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் சைபரையும் தூக்கிக்கொண்டு போனால் ஒரு குழாய் வீணாக உடையும் என்று அதை ஆய்வகத்திலேயே நிறுத்திவிட்டார். தூசி விழாமல் இருக்கப் பழைய காலண்டர் தாளில் கூம்பு மாதிரி ஒரு தொப்பி செய்து கவிழ்த்து, ஜன்னல் கட்டையில் வைப்பார். ஜன்னலுக்கு வெளியே அப்போது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். காற்று சுத்தம். அவர் செய்தது அன்றைக்குச் சரிதான். அவர் ஓய்வு பெற்ற பிறகும் நாங்கள் அப்படியே செய்தோம். காலண்டர் தாளை மட்டும் வருஷா வருஷம் மாற்றினோம்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு மின்வெட்டு நாளுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கைத் தாண்டி, மின்சாரம் வந்தால்தான் செய்தி என்றாகிவிட்டது. வந்ததும் தெருவே சேர்ந்து "மீ லா பீ" என்று கூவும், கரண்ட் வந்துவிட்டது என்று. மற்ற நேரமெல்லாம் கடைக்குக் கடை நடைபாதையில் ஜெனரேட்டர். எங்கள் ஆய்வகத்துக்கும் ஒன்று வந்தது. அதற்குக் கொட்டகை போட இடம் வேண்டுமென்று தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர், ஜன்னல் கட்டையில் சைபர், அதன் தலையில் காலண்டர் தொப்பி. இந்தப் படத்தைக் கண்ணால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு ஐந்து பேர் அந்த அறையில் வேலை பார்த்தோம். நாலு பேருக்கு வேதியியலில் பட்டம் உண்டு.

என் புத்திசாலித்தனம் இங்கேதான் உச்சத்துக்குப் போகிறது. மின்வெட்டு உள்ள நாட்களில் நகரத்துக் காற்று சுத்தமாகிவிடுகிறது என்று எங்கள் அளவுகள் காட்டத் தொடங்கின. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததோடு நிற்காமல் விளக்கமும் எழுதினேன். "மின்தடை நேரங்களில் தொழிற்கூடங்கள் இயங்காமையால் காற்றின் தரம் மேம்படுவது குறிப்பிடத்தக்கது" என்று தொடங்கும் அழகான பத்தி அது. எங்கள் தலைவர், மற்றவர்களெல்லாம் சயா, அதாவது வாத்தியார், என்றால் இவர் பெரிய வாத்தியார் என்று நாங்கள் மரியாதையாக சயாஜீ என்று கூப்பிடுபவர், அதை அப்படியே ஆண்டறிக்கையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். "கோ தெய்ன், நீ கதை எழுதப் போயிருக்க வேண்டியவன்" என்றார். அலுவலகத்தில் நான் தெய்ன், மூத்தவர்களுக்குக் கோ, இளையவர்களுக்கு ஊ; வீட்டில் தெய்வசிகாமணி. இரண்டு பேருமே அன்றைக்கு அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போது சுலைஹாவின் மனு வந்தது.

நகரத்தின் நடுப்பகுதியில், ஆய்வகத்துக்கு நாலு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவர் தையல் அறை வைத்திருந்தார். மிதித்து ஓட்டும் மூன்று மெஷின்கள், அவரோடு சேர்த்து நாலு பெண்கள். கீழே ஒரு கேக் கடை. கேக் கடைக்காரர்தான் அந்த அறைக்கும் சொந்தக்காரர். ஐஸ் பெட்டிகளுக்காக அவர் பின்சந்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தார். நம் ஊர்ப் பின்சந்துகளை உங்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு ஆள் கைவிரித்து நிற்கும் அகலம், வானம் ஒரு கோடு. புகை மேலே போவதற்குள் சுலைஹாவின் ஜன்னலுக்குள் போய்விடும். அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. வார்டு தலைவரிடம் முறையிட்டார். ஆய்வகத்தில் காகிதம் வாங்கி வா என்றார் தலைவர். ஆய்வகம் காகிதம் கொடுத்தது.

"குறிப்பிடத்தக்க அளவில் நைட்ரஜன் டை ஆக்சைடு காணப்படவில்லை." கீழே என் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. எங்கள் ஆட்கள் போய் அளந்தது ஒரு மின்வெட்டு நாள். நான் போகவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். தேநீர் நன்றாக இருந்தது என்பதுவரை நினைவிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சுலைஹா ஆய்வகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, கையில் என் காகிதம். மாடிப்படி ஏறி வந்ததில் பேச முடியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஏதோ விசில் ஊதியது. எங்கள் உதவியாளர் மா நீலார் தண்ணீர் கொடுத்தாள்.

"இந்தக் கையெழுத்து யாருடையது?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தமிழில், தனக்குத்தானே, "பாக்க மனுசன் மாதிரிதான் இருக்கான். மூக்கையும் சர்க்கார் ஸ்டோர்ல வாங்கி மாட்டிருப்பான் போல" என்றார்.

"மூக்கு சொந்தந்தாங்க" என்றேன். "மத்ததெல்லாம் சர்க்காருது."

சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிம்மதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தமிழாளா? நல்லதாப் போச்சு. பர்மீஸ்ல திட்ட எனக்கு அவ்வளவு ஓட்டமா வராது. இந்தக் காயிதத்தைக் காட்டினதும் வார்டு தலைவரு என்ன சொன்னாரு தெரியுமா? பொய்ப் புகாரு குடுத்திருக்கேனாம். கேக் கடைக்காரரு மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நாலு பொம்பளைங்க சோறு அந்த ரூமு. இன்னும் ஆறு நாளு இருக்கு."

"அளவு எடுத்தது முறைப்படிதாம்மா..."

"முறையெல்லாம் இருக்கட்டும். கரண்ட் இல்லாத நாள்ல காலைல பத்து மணிக்கு மோட்டாரைப் போடுவாங்க. அஞ்சு மணி வரைக்கும் ஓடும். நாளைக்கு வாங்க. எம் மிசினுக்குப் பக்கத்துல குந்துங்க. குந்திக்கிட்டு இந்தக் காயிதத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. இருமாம வாசிச்சு முடிச்சீங்கன்னா அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடறேன். ஆறு நாளுகூட வேணாம்."

நீலாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேச்சின் பொருள் புரிந்துவிட்டது. சுலைஹா போனதும், "சயா, பம்புக்கு பேட்டரி சார்ஜ் போட்டு வைக்கவா?" என்றாள்.

மறுநாள் போனேன். அங்கெல்லாம் மாடியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் காகிதம் கவ்வும் கிளிப், மேல் முனையில் மணி. கயிற்றை இழுத்து மணியடித்தால் கிளிப்பில் சாவியை மாட்டி இறக்குவார்கள். திறந்துகொண்டு ஏறினேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுலைஹா ஒரு முக்காலியைக் காட்டினார். மூன்று பெண்களும் மிதிப்பதை நிறுத்தினார்கள். நான் காகிதத்தை விரித்து வாசித்தேன். கடித எண் வந்தது. பொருள் வந்தது. பார்வை என்று போட்டு மனுவின் தேதி வரும் இடத்தில் தொண்டையில் ஏதோ கீறியது. கண்ணில் நீர் வந்தது. இருமினேன், நிறுத்த முடியாமல்.

"சயா இன்னும் தேதியையே தாண்டலையே" என்றாள் ஒருத்தி பர்மிய மொழியில். அறை முழுக்கச் சிரித்தது. சுலைஹா சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேல் கைநீட்டி ஜன்னலைச் சாத்தினார். சாத்தினால் புகை குறையும், அறை அடுப்பாகிவிடும், அதனால்தான் சாத்துவதில்லை என்றார்.

பம்பை ஓடவிட்டேன். கால் மணி நேரத்தில் கரைசல் நல்ல ரோஸ் நிறம். நிறமானியே வேண்டாம். ரப்பர் மூடியை இறுக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். இந்தத் தடவை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கு ஒரே உற்சாகம். அன்றும் எங்களுக்கு மின்வெட்டு. கீழே எங்கள் ஜெனரேட்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

நீலார் என் குழாயையும் ஜன்னலோரத்துச் சைபரையும் நிறமானியில் வைத்துப் பார்த்தாள். பென்சிலைக் கடித்தாள்.

"கழிச்சா மைனஸ் வருது, சயா. வழக்கம்போல சைபர்னு போட்டுடவா?"

"வழக்கம்போலன்னா?"

"காத்துல இல்லாததைவிடக் கம்மியா எப்படி இருக்கும், மைனஸ் வந்தா சைபர்னு போடுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க." இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். மைனஸ் வந்த நாட்களையெல்லாம் பென்சிலில் குறித்து வைத்திருந்தாள். எல்லாம் மின்வெட்டு நாட்கள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன், சயா. நீங்க எழுதிட்டு இருந்தீங்க. கரண்ட் இல்லாத நாள்ல காத்து சுத்தமாகுதுன்னு."

அதற்குப் பிறகு நான் ஜன்னலைத்தான் பார்த்தேன். ஜெனரேட்டரின் அதிர்வில் காலண்டர் தொப்பி சைபரின் தலையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பௌர்ணமி தேதிகள் அச்சடித்த தொப்பி. அதற்குக் கீழே, எந்தக் காற்றையும் சுவாசிக்காமல் இருக்க வேண்டிய கரைசல், சுலைஹாவின் அறையைவிட ஒரு நிழல் அதிகமாகவே சிவந்திருந்தது. காலையிலிருந்து அது எங்கள் புகையைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பைத்தான் நாங்கள் ஊர் முழுக்கக் கழித்துக்கொண்டிருந்தோம். புகை அதிகமான நாளில் அதிகமாகக் கழித்தோம்.

எனக்கு ஒரு வேண்டாத குணம், தப்பு என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை சரிபார்ப்பது. மறுநாளும் மின்வெட்டுத்தான். ஒரே புட்டியிலிருந்து இரண்டு சைபர் ஊற்றினோம். ஒன்று ஜன்னலில், தொப்பியோடு. இன்னொன்று ரப்பர் மூடியோடு, பிஸ்கட் டின்னுக்குள். சாயங்காலம் திறந்து பார்த்தோம். டின்னுக்குள் இருந்தது தண்ணீர் போல இருந்தது. நாலு பட்டதாரிகளும் ஜன்னல் குழாயை ஆளுக்கொரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மிச்சம் நாலு நாள். சயாஜீயின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டவர்களை எதிர்ப்பது சுலபம். முழுவதும் கேட்டார். நோட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆண்டறிக்கை மேலே போய்விட்டது, கோ தெய்ன்."

"ஆமாம், சயாஜீ."

"ஒரு அறிக்கையை வாபஸ் வாங்கினால் மற்றதெல்லாம் எங்கே என்று கேட்பார்கள்."

"கேட்க வேண்டியதுதானே, சயாஜீ."

"அடுத்த காலாண்டில் புதிதாக ஒரு தடவை அளந்து கொடு. காற்றின் தரம் பருவத்துக்குத் தக்கபடி மாறக்கூடியது என்று ஒரு வரி சேர்த்துக்கொள். பழையதும் சரியாக இருக்கும், புதியதும் சரியாக இருக்கும். உனக்குத்தான் இப்படியெல்லாம் எழுத வருமே."

அந்த வரி உண்மைதான், அதில் பொய் கிடையாது. அந்த வரியைச் சேர்த்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, அடுத்த காலாண்டுக்குள் தெருவுக்கு வந்துவிடும் நாலு பெண்களைத் தவிர. இதைக் கவனியுங்கள், பிள்ளைகளே. நம் தொழிலில் யாரும் உங்களைப் பொய் எழுதச் சொல்ல மாட்டார்கள். உண்மையான ஒரு வரியைத் தாமதமாக எழுதச் சொல்வார்கள்.

"நானே வாபஸ் வாங்கிக் கடிதம் எழுதினால்?"

"முத்திரை தர மாட்டேன். முத்திரை இல்லாமல் கொடுத்தால் அது உனக்குத்தான் ஆபத்து."

"இத்தனை வருஷம் என் கையெழுத்து ஊருக்கு ஆபத்தாக இருந்தது, ஒரு தடவை எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நான் பதில் சொன்னதாக எழுத ஆசை. உண்மையில் சொன்னது, "சரி, சயாஜீ." மேற்படி வசனம் மாடிப்படி இறங்கும்போதுதான் தோன்றியது. திரும்ப ஏறிப் போய்ச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் என் மேஜைக்குப் போய் அதைக் கடிதமாக எழுதினேன். சுலைஹா வழக்கில் நான் கையெழுத்திட்ட அறிக்கை தவறு, தவறு எங்கள் சைபரில், மின்வெட்டு நாட்களில் நாங்கள் எடுத்த எந்த அளவையும் நம்ப வேண்டாம். கீழே பெயர், பர்மியப் பெயரும் தமிழ்ப் பெயரும். ஒரு பிரதி சயாஜீயின் மேஜையில். ஒரு பிரதி என் பையில்.

மறுநாள் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். வார்டு தலைவர் வெற்றிலை மெல்லுகிறவர். கேக் கடைக்காரரும் அங்கே இருந்தார், பருமனான, சாந்தமான ஆள். தலைவர் என் கடிதத்தையும் பழைய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சயா, ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். நான் எதை நம்பணும்?"

"முத்திரை இல்லாததை."

"ஏன்?"

"முத்திரை உள்ளதை எழுதினப்போ நான் அந்த ரூமுக்குப் போனதில்லை."

"முத்திரை இல்லாத காகிதத்தை நான் ஃபைல்ல வைக்க முடியாதே."

"வைக்க வேண்டாம். என்கூட நடந்து வாங்க. ரெண்டு தெருதான்."

கேக் கடைக்காரர் சிரித்தார். "சயா நேத்து ஒண்ணு சொல்றாரு, இன்னிக்கு ஒண்ணு சொல்றாரு. நாளைக்கு என் கேக்குல விஷம்பாரு."

"கேக்கை நான் அளந்ததில்லை" என்றேன். "அளக்காததைப் பத்திப் பேசறதை முந்தாநாள்தான் விட்டேன்."

தலைவர் எழுந்துவிட்டார். நியாயத்துக்காகவா, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் நடக்கலாம் என்றா, எனக்குத் தெரியாது. கேக் கடைக்காரர் முழங்கால் வலியைச் சொல்லித் தெருவிலேயே நின்றுகொண்டார். நாங்கள் மேலே போனோம். பின்சந்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுலைஹா தலைவரை அதே முக்காலியில் உட்கார வைத்தார். நான் பம்பை ஓடவிட்டேன். சைபரை இந்தத் தடவை ரப்பர் மூடியோடு சட்டைப் பையில் கொண்டு வந்திருந்தேன், ஏன் என்று சுலைஹாவுக்கும் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பத்தாவது நிமிஷத்தில் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தியதும் திறக்கச் சொன்னார். அவருடைய இருமல் என்னுடையதைவிடக் கனம், பதவிக்குத் தகுந்தபடி.

கால் மணி ஆனதும் சுலைஹா இரண்டு குழாய்களையும் ஒரு துணியில் சுற்றி, கயிற்றுக் கிளிப்பில் மாட்டித் தெருவுக்கு இறக்கினார். கீழே கேக் கடைக்காரர் அவிழ்த்துப் பார்த்தார். ஒன்று தண்ணீர், ஒன்று நல்ல ரோஸ்.

"இது என்ன, பலூடாவா?" என்று அண்ணாந்து கேட்டார்.

"உங்க மோட்டாரு கலக்கினதுதான்" என்றார் சுலைஹா மேலிருந்து. "குடிச்சுப் பாருங்க. நாங்க தினமும் அதைத்தான் குடிக்கறோம்."

கேக் கடைக்காரர் ரோஸ் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத்தான் கூப்பிட்டார். "சயா, கடைக்குப் பின்பக்க ரூமுல என் மாமியார் படுத்திருக்காங்க. அவங்களும் இருமறாங்க. வயசாச்சுன்னு இருந்தோம். அங்கயும் ஒண்ணு வெச்சுப் பாக்க முடியுமா?"

வைத்துப் பார்த்தோம். அதுவும் ரோஸ். மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் பின்சந்தில் சாரம் கட்டினார்கள், கூரைக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்குப் புகைக் குழாய் போனது. அறையைக் காலி பண்ணும் பேச்சு அதோடு நின்றது. புகை ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியது; கூரைக்கு மேல் போனால் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்ப் பரப்பி மெலிதாக்கும். மெலிதாவதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள தூரத்தை அளப்பதற்குத்தான் உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் புகைக்கு நடந்ததேதான் நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் இருந்த ரசாயனக் கிடங்குக்கு மாற்றினார்கள். தினமும் படகில் போய் வந்தேன். அங்கே அளப்பதற்கு எதுவும் கிடையாது, எண்ணுவதற்குத்தான். முதல் வாரமே அலமாரியின் பின்னால் ஒரு பெட்டி அகப்பட்டது. பெட்டி நிறைய ரப்பர் மூடிகள், பிரிக்காமல். சிரித்ததில் காவலாளி ஓடி வந்துவிட்டார். அன்று மாலையே மொத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன், அனுமதி கேட்கவில்லை. அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். "மூடிகள் மூடுவதற்காக அனுப்பப்பட்டன" என்று ஒரே வரியில் எழுதினேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். வருத்தமில்லை. படகில் நல்ல காற்று.

என் வாபஸ் கடிதம் எந்தக் கோப்பிலும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. மின்தடையால் காற்று சுத்தமாகிறது என்ற பத்தி மட்டும் இன்னும் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. யாராவது மேற்கோள் காட்டினால், எழுதியவனே மறுத்துவிட்டான் என்று எழுந்து நின்று சொல்லுங்கள். பிரதி என்னிடம் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன், ஆளுக்கொன்று.

டாலாவுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சுலைஹா மறுபடி ஆய்வகத்துக்கு வந்தார். படி ஏறியதும் நின்றுதான் பேசினார், ஆனால் நாற்காலியைப் பிடிக்கவில்லை. மேஜைமேல் ஒரு பையை வைத்தார். மெத்தைத் துணி உள்ளே வைத்துத் தைத்த பை, தோளில் மாட்டப் பட்டை, உள்ளே ஒவ்வொன்றும் ஒரு குழாய் நுழையும் அளவுக்கு நாலு பாக்கெட்.

"பஸ்ஸுல உடையாது. மூணு பாக்கெட்டு நீங்க அளக்கறதுக்கு. ஒண்ணு அந்தச் சைபருக்கு. அதையும் கூடக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுலயே உக்காந்திருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?"

சைபரைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பையை நீலாரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வயதும் பதவியும் ஏறி இப்போது உங்களுக்குப் பாடம் எடுக்கிற டாவ் நீலார் அவர்தான். பை இப்போதும் நிறமானி மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. பட்டையை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்களாம். புதுக் கருவிக்கு இதெல்லாம் தேவையில்லை என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். கருவியின் சைபர் எங்கே உட்கார்ந்து எந்தக் காற்றைக் குடிக்கிறது என்று மட்டும் அப்படிச் சொல்பவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போங்கள். நாலாவது பாக்கெட்டைக் காலியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.